என் பெயரில் ஒரு தொழில்

மார்ச் 11, திங்கள்

பள்ளிச் சமையலறையில் வேலை முடிந்து, புசான் சந்தையில் கானாங்கெளுத்தி வாங்கக் கார்டைக் கொடுத்தேன். போகவில்லை. மீன்காரி மறுபடி தேய்த்தாள். போகவில்லை. "வேற கார்டு இருக்கா?" என்றாள். என்னிடம் இருப்பதே ஒன்று. சம்பளம் என் கணக்கில் விழும், கணக்கைத் திறப்பது என் வீட்டுக்காரர் மான்சுவின் போனில். வெட்டிய மீனை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். பின்னால் நின்ற எல்லாரும் பார்த்தார்கள்.

வீட்டில் கேட்டேன். "பேங்க்ல ஏதோ கோளாறு. உனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து இதே பதில்.

மார்ச் 12, செவ்வாய்

அரை நாள் விடுப்பு எடுத்து வங்கிக்குப் போனேன். கோளாறும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கணக்கை முடக்கியது வரி அலுவலகம்.

அங்கேயும் போனேன். யூன் என்று ஓர் இளம்பெண் அதிகாரி. "பெயின்ட் காண்ட்ராக்ட் தொழில் உங்க பேர்லதானே இருக்கு? நாலு வருஷமா வரி கட்டலையே."

அபராதத்தோடு நாலு கோடியே எண்பது லட்சம் வொன். சோறு தண்ணி இல்லாமல் இரண்டு வருஷம் உழைத்தாலும் எட்டாது.

"அது என் வீட்டுக்காரர் தொழில். நான் பள்ளிக்கூடத்துல சமைக்கிறேன்."

"அதை நீங்கதான் நிரூபிக்கணும். அதுவரைக்கும் முதலாளி நீங்கதான்."

முதலாளி! தொழிலின் பெயர்ப்பலகை என்ன நிறம் என்றுகூடத் தெரியாத முதலாளி.

சாயங்காலம் மான்சுவிடம் கேட்டேன். "உன் பேர்ல இருந்தா என்ன, என் பேர்ல இருந்தா என்ன? குடும்பம் ஒண்ணுதானே," என்றார்.

"ஒண்ணுன்னா, காசு வந்தப்ப ஏன் சொல்லல?"

"வரி ஆபீசுக்கு யாரைக் கேட்டுப் போன?"

வரி கட்டாதது தப்பில்லை. நான் போனதுதான் தப்பு. இந்த மனுஷனுக்கா நான் இத்தனை நாள் மீனில் முள் எடுத்து வைத்தேன்?

மார்ச் 13, புதன்

சமையலறையில் அரிசியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் பாதி நொய்யாகிவிட்டது. அவ்வளவு கோபம்.

மார்ச் 17, ஞாயிறு

மான்சுவின் தங்கை போன் செய்தாள், கும்சில். "அண்ணி, கட்டின புருஷனைக் காட்டிக் குடுக்கிற பொம்பளை எங்கயாவது உண்டா? நானா இருந்தா வாயைத் திறக்காம சம்பாதிச்சுக் கட்டியிருப்பேன்."

"அப்ப நீயே கட்டு," என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு அவளைக் கேட்க இன்னும் பத்துக் கேள்வி வந்தது. எப்போதும் இப்படித்தான் எனக்கு, பேச்சு முடிந்த பிறகுதான் வாய் வரும்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஆறு வருஷத்துக்கு முன்னால் மான்சுவின் பழைய தொழில் கடனில் மூழ்கியது. அவர் பெயரில் புதிதாக எதுவும் தொடங்க முடியாத நிலை. "சும்மா பேருக்குத்தான்," என்று என்னைக் கூட்டிப்போனார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான் நான் நடத்திய தொழில்!

யார் வேலை கொடுத்தது, யார் கூலி கொடுத்தது என்று சொல்ல ஆள் வேண்டும் என்றாள் யூன். மான்சுவிடம் பெயின்ட் அடித்த பாங் என்பவரைத் தேடிப் போனேன். வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

"கூலியா? மான்சுகிட்டதான் வாங்குவேன். வாங்குவேன்னா... மூணு மாசக் கூலி இன்னும் வரல. உங்களை சைட்டுல ஒருநாள்கூடப் பார்த்ததில்லயே."

"இதை ஆபீஸ்ல வந்து சொல்வீங்களா?"

"ரெண்டு தரம் சொல்றேன்."

தொழில் என்னுடையது இல்லை என்று மனு கொடுக்கும்போது யூன் எச்சரித்தாள். பெயரை இரவல் கொடுத்ததும் குற்றம்தானாம். அதற்கு எனக்கு அபராதம் வரலாமாம்.

"செஞ்சதுக்குக் கட்டறேன். செய்யாததுக்குக் கட்ட மாட்டேன்," என்றேன். இந்த முறை வாய் சரியான நேரத்தில் வந்தது.

ஏப்ரல் 19, வெள்ளி

மான்சு பள்ளியின் பின்வாசலுக்கே வந்துவிட்டான். ஆமாம், வந்துவிட்டான். இனி என்ன 'ர்'!

கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் நிற்கிறார்கள். "மனுவை வாபஸ் வாங்கு. நான் ஜெயிலுக்குப் போனா உனக்குச் சந்தோஷமா?"

"நான் போனா உனக்குச் சந்தோஷமா?"

'உனக்கு' என்று சொல்லிவிட்டேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. ஜெயிலைவிட அதுதான் அவனைச் சுட்டது. காறித் துப்பிவிட்டுப் போனான்.

ஏப்ரல் 20, சனி

சலவைக்கடை மாடியில் ஓர் அறை எடுத்துத் தனியாக வந்துவிட்டேன். நாளெல்லாம் சோப்பு வாசனை. முன்பணம் என் அக்கா கொடுத்தாள்.

செப்டம்பர் 6, வெள்ளி

என் மனுவுக்கு முடிவு வந்தது. தொழிலை நடத்தியது மான்சு, வரி அவன் தலையில். பெயரைக் கொடுத்ததற்கு எனக்கு அபராதம். கணக்கைத் திறந்துவிட்டார்கள்.

"நல்லபடியா முடிஞ்சுதே," என்றாள் யூன். நல்ல பெண். ஆனால் எது நல்லபடி? என் சம்பளத்தை எனக்குத் திருப்பித் தர ஆறு மாதம். நான் நானில்லை, அவன்தான் அவன் என்று பாங்கையும் சேர்த்து மூன்று ஆட்களை வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்ததில் தாடை வலிக்கிறது.

நவம்பர் 3, ஞாயிறு

மதியம் கதவைத் தட்டும் சத்தம். கும்சில்.

"அண்ணி, அண்ணன் புதுசா தொழில் ஆரம்பிக்கிறானாம். என் பேர் வேணும்னு கேட்டான்."

கதவைச் சாத்தத்தான் நினைத்தேன். "கையெழுத்துப் போட்டியா?"

"முடியாதுன்னுட்டேன். மேசையைப் புரட்டிட்டான்."

"உன் மேல பட்டுச்சா?"

சட்டைக் கையை ஏற்றிக் காட்டினாள். சூப் கொட்டி மணிக்கட்டு சிவந்திருந்தது. அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

அவள்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். இழுத்துக்கொண்டுபோய்க் கையைக் குழாயடியில் வைத்தேன்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "அன்னிக்குப் போன்ல நான்..." என்று ஆரம்பித்தாள்.

"கையை எடுக்காத," என்றேன்.