தலைகீழாகத் தொங்கும் எஞ்சின்

9-9-1947, செவ்வாய். அரியலூர்

எஞ்சின் வந்துவிட்டது. காலை கூட்ஸ் வண்டியில். சொன்னவர் ஸ்டேஷன் பார்சல் குமாஸ்தா அய்யம்பெருமாள். மரப்பெட்டி மேலிருந்த எண்ணையும் படித்துக் காட்டினார். ஆகவே உறுதி.

பெட்டியை மாட்டுவண்டியில் பெரம்பலூருக்கு ஏற்றிப் போக மருமகன் ஆரோக்கியசெல்வம் முதல் பஸ்ஸிலேயே வந்து காத்திருந்தார். விமானப்படையில் நாலு வருஷம் ஃபிட்டர். சண்டை முடிந்து ஊர் திரும்பி ஒன்றரை வருஷம் சும்மா இருந்தவருக்கு இப்போதுதான் கைக்கேற்ற வேலை கிடைத்திருக்கிறது. மிராசுதார் குழந்தைவேலின் இரட்டை இறக்கை விமானம் 1929ல் செய்தது. யுத்தம் முழுக்கப் பருத்திக் கிடங்கில் துணி போர்த்திக் கிடந்தது. அதை முழுவதும் பிரித்துப் பழுது பார்க்கிறார். கூடவே எண்பத்தைந்து குதிரைச் சக்தி எஞ்சினை இறக்கிவிட்டு, யுத்த உபரியில் வாங்கிய நூற்று முப்பதை மாட்டப் போகிறார்.

இது சரியாக முடிந்தால் விமான இன்ஸ்பெக்டர் சிபாரிசில் மெக்கானிக் லைசென்ஸ். அப்புறம் சென்னையில் உத்தியோகம். என் மகள் லீலா மேரிக்கு இது ஐந்தாம் மாதம். சென்னையில் எந்தத் தெருவில் குடியிருப்பது என்பது வரை பேசி முடித்துவிட்டாள்.

1-10-1947

பெரம்பலூர் போய் வந்தேன். கரிவாயுவில் ஓடும் பஸ், மூன்று இடத்தில் நின்றது.

பழைய எஞ்சினில் சிலிண்டர்கள் மேல்நோக்கி நிற்கும். புதியதில் நாலும் கீழே தொங்குகின்றன. ஓட்டுபவருக்கு முன்பக்கம் நன்றாகத் தெரியுமாம். "ஒரே தொந்தரவுதான் மாமா. நிறுத்தி வச்சா எண்ணெய் மெல்ல இறங்கி சிலிண்டருக்குள்ள தேங்கிடும். தெனம் காலையில புரொப்பெல்லரைக் கையால சுத்திப் பாக்கணும். இறுகினா விட்டுடணும், பலமா இழுக்கவே கூடாது. பிளக்கைக் கழட்டி எண்ணெயை வடிச்சிட்டுத்தான் ஸ்டார்ட்."

இழுத்தால்?

"உள்ள பிஸ்டனைத் தள்ளுற கனெக்டிங் ராட் வளைஞ்சிடும். வெளியில தெரியாது. ஓடும். ஒரு நாள் ஒடியும்."

18-10-1947

மழை. எஞ்சின் மாட்டியாயிற்று என்று செல்வத்தின் கார்டு.

24-10-1947, விஜயதசமி. பெரம்பலூர்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

புதன் மாலை எஞ்சினை ஓட்டிப் பார்த்து நிறுத்தினார்கள். நேற்று ஆயுதபூஜை. விமானத்துக்குச் சந்தனம், குங்குமம், புரொப்பெல்லருக்குச் சாமந்தி மாலை. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. காலையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட செல்வம் அனுமதி கேட்டிருக்கிறார். "சாமிக்கு வச்சதைத் தொடலாமா தம்பி? நீங்க வேதக்காரங்க, உங்களுக்கு எங்க தெரியப்போவுது" என்று குழந்தைவேல் சிரித்தாராம்.

இன்று பத்தரைக்கு இராகு காலம். அதற்குள் எஞ்சின் முழங்கியாக வேண்டும். தீபாராதனை முடியவே பத்து இருபதுக்கு மேல். குழந்தைவேல் உள்ளே ஏறி சுவிட்சில் கை வைத்துக்கொண்டார். செல்வம் ஸ்பேனரோடு குனிந்தார். "அஞ்சே நிமிஷங்க. எண்ணெயை வடிச்சிடறேன்."

குழந்தைவேல் என்னைப் பார்த்தார். "சார், கரெக்டா மணி என்ன?"

நேற்றுதான் ஸ்டேஷன் கடிகாரத்தோடு சரிபார்த்தது. "பத்து இருபத்தேழு" என்றேன்.

"டேய் பாவாடை, இழுடா!"

கார் டிரைவர் பாவாடை நல்ல பலசாலி. புரொப்பெல்லர் அசையவில்லை. "என்னடா, புது மாப்பிள்ளையாட்டம் முறுக்கிக்கிட்டு நிக்குது!" என்று கூட்டத்தில் ஒருவர். சிரிப்பு. பாவாடை தொங்கி இழுத்தான். ஒரு வெடி. உள்ளே 'தட்' என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

செல்வம் பிளக்குகளைக் கழற்றினார். மூன்றாவது சிலிண்டரிலிருந்து அரைக் கிண்ணம் எண்ணெய் கொட்டியது. திரும்ப மாட்டி இழுத்ததும் எஞ்சின் ஓடியது. நன்றாகவே ஓடியது. அப்போது இராகு காலம் பிறந்து பன்னிரண்டு நிமிஷம். முதல் வெடியையே துவக்கமாகக் கணக்கில் வைத்துக்கொண்டார்கள். சர்க்கரைப் பொங்கல்.

செல்வம் சாப்பிடவில்லை. "திறந்து பாக்கணும் மாமா" என்றார்.

திருச்சிப் பத்திரிகைக்கு ஆறு வரி அனுப்பினேன். விஜயதசமியன்று எஞ்சின் முழங்கியது என்று. சத்தத்தை எழுதவில்லை. ராட் வளைந்ததா என்பது உறுதியாகவில்லை, உறுதியாகாததை எழுதுவதில்லை. இருபத்தாறு வருஷ நிருபர் பழக்கம்.

27-10-1947

செய்தி வந்திருக்கிறது. நாலாம் பக்கம்.

3-11-1947

குழந்தைவேல் மறுத்துவிட்டார். திறந்தால் புது கேஸ்கெட்டுகள் வேண்டும். பம்பாயிலிருந்து வர இரண்டு மாதம். அதைவிடப் பெரிய காரணம் — பூஜை போட்டு ஓடிய எஞ்சினைப் பிரிப்பது அபசகுனம். "ஓடுதே தம்பி! ஓடுற மாட்டை அறுத்தா பாப்பாங்க?"

ஓடுகிறது என்பது உண்மைதான்.

25-11-1947

சென்னையிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். அரைமணி நேரம் எஞ்சினை ஓட விட்டு, காது கொடுத்து, எண்ணெய் அழுத்தம் குறித்துக்கொண்டார். குறையில்லை. செல்வம் விஜயதசமி விஷயத்தைச் சொன்னார். உடனே குழந்தைவேல் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். என் ஆறு வரி. கத்தரித்து அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார்.

நான் குறுக்கே போனேன். "அந்தச் சத்தத்தை நானும் கேட்டேன் சார்."

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். மரியாதையாகத்தான் கேட்டார். "இதுல இல்லையே?"

எழுதினவனும் நான், கேட்டவனும் நான்.

லாக் புத்தகத்தில் ஃபிட்டர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. தரை காய்ந்ததும் சோதனைப் பறப்பு.

26-11-1947

செல்வத்திடம் கையெழுத்துப் போடாதீங்க என்றேன்.

"நான் போடலேன்னா திருச்சியிலேர்ந்து வேற ஒருத்தனைக் கூட்டியாந்து போடுவாங்க மாமா. அவனுக்கு அந்தச் சத்தம் தெரியாது. தெரியாமயே முன்சீட்டுல ஏறி உக்காருவான்."

கையெழுத்துப் போட்டவன் முதல் பறப்பில் கூடப் போக வேண்டும். விமானப்படையில் அப்படித்தானாம். இவரும் அதை விடமாட்டார்.

"வளையாமயும் இருக்கலாம்ல?" என்று என்னையே கேட்டார்.

இருக்கலாம் என்றேன்.

30-11-1947, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது லீலா மேரி கேட்டாள். "ஏம்ப்பா, அவரு ஏன் சரியா சாப்பிட மாட்டேங்குறாரு? உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

வேலை மும்முரம்மா என்றேன்.

3-12-1947

மழை விட்டு ஆறு நாள். கரிசல் இன்னும் காலில் ஒட்டுகிறது. இன்னும் மூன்று நாள் மழை வரட்டும் என்று நினைக்கிறேன். விவசாயிகள் காதில் விழுந்தால் அடிப்பார்கள்.

6-12-1947, சனி. பெரம்பலூர்

வானம் சுத்தமாக இருந்தது.

செல்வம் கையெழுத்துப் போட்டார். திருச்சி விமானி இராமலிங்கம் பின்சீட்டில், செல்வம் முன்சீட்டில். ஏறுமுன் என்னிடம், "மத்தியானம் மிராசுதார் வீட்டுல சாப்பாடு வேணாம்னு சொல்லிடுங்க மாமா. அரியலூருக்கு வந்துடறேன், லீலா மீன்குழம்பு வைக்கிறேன்னிருக்கா" என்றார்.

8.10க்குத் தரையை விட்டது; நான் பார்த்தேன்.

8.40க்குத் திரும்ப வேண்டும். வரவில்லை. ஒன்பதுக்கும் இல்லை. பாவாடை காரை எடுத்தான். வழியில் அவன் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். "நாந்தானே இழுத்தேன்."

இல்லடா. மணி சொன்னது நான்.

ரஞ்சன்குடி தாண்டிச் சோளக் கொல்லையில் மூக்குக் குத்திக் கிடந்தது. விமானி நெற்றியில் காயம், நடக்கிறார். எஞ்சின் பக்கவாட்டில் ஓட்டை. உள்ளிருந்து ராட் ஒடிந்து வெளியே வந்திருக்கிறது. செல்வத்தை அறுவடைக்காரர்கள் கட்டிலில் போட்டு ரோட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். நினைவு இருந்தது. வலது கையை மட்டும் ஒரு வேட்டியில் சுற்றி வைத்திருந்தார்கள்.

8-12-1947. திருச்சி

ஆஸ்பத்திரியில் லீலா மேரி என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவருக்குக் கஞ்சியை ஊட்டினாள். அவர் இடது கையால் கரண்டியை வாங்கப் பார்த்தார், கொடுக்கவில்லை.

24-10 அன்று கேட்ட சத்தத்தை மணி உட்பட எழுதிப் பத்திரிகைக்குத் தபாலில் சேர்த்தேன். ஆசிரியர் போட்டாலும் போடாவிட்டாலும் செல்வத்துக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

10-12-1947, புதன். திருச்சி

காய்ச்சல் இறங்கிவிட்டது. இரண்டு விரல் எடுத்தாயிற்று. மற்ற மூன்றில் உணர்ச்சி இருக்கிறதா என்று இப்போது சொல்ல முடியாது. இதையெல்லாம் சொன்னவர் வார்டு சிஸ்டர் மதலேனம்மாள். கட்டுப் பிரிப்பது சனிக்கிழமை, டாக்டர் வந்த பிறகு, பத்து மணிக்கு மேல்.