வாளியில் ஒரு சாம்பல் வளையம்

அன்புள்ள அக்கா,

இங்கே மூவரும் சுகம், நீயும் மாமாவும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். சோப்புத் தண்ணீரில் அம்மாவின் விரலெல்லாம் வெடித்துப் போய் பேனா பிடிக்க முடியவில்லை. நடுநடுவே என் பேச்சும் வரும், கோபித்துக்கொள்ளாதே.

நான் முதலில் பார்த்தது ஒரு வளையம். அப்பாவின் சட்டையை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிய பிறகு வாளியின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு சுற்றி நின்றது, தேய்த்தால் விரலில் பென்சில் தூள் மாதிரி மினுமினுத்தது. அழுக்கு மினுமினுக்குமா? அதுதான் என்னை விடவில்லை.

தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த பேட்டரித் தொழிற்சாலை உனக்கு நினைவிருக்கும். அங்கே மண்ணில் ஈயம் இறங்கியிருக்கிறதாம், மேல்மண்ணைச் சுரண்டி லாரியில் ஏற்றி மூடிக் கொண்டுபோகிறார்கள். அப்பாவுக்கு அங்கேதான் இப்போது வேலை. தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே தோண்டுகிறார்கள், வெளியே வரும் லாரியின் சக்கரத்தைக்கூடக் குளிப்பாட்டித்தான் அனுப்புகிறார்கள். வேலைச் சட்டையை அங்கேயே கழற்றிப் போட வேண்டும், அங்கேயே மெஷினில் துவைத்துத் தருவார்கள். ஆனால் அம்மா விடுவாளா? என் புருஷன் சட்டையை ஊரான் மெஷினில் போட எனக்கென்ன கையா இல்ல என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அப்பாவும் சட்டையைச் சாப்பாட்டுப் பைக்குள் சுருட்டி யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து வாசலில் உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார். சக்கரத்தைக் கழுவுகிறவர்கள் சட்டையை மட்டும் சும்மா விடுவார்களா என்று யோசித்துப் பார்த்தேன்.

துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை மண்ணில் வைத்து ஈயம் எவ்வளவு என்று பார்க்கிற அக்கா ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் பேச எனக்கு வாய் வரவில்லை, வேலிக்கு வெளியே போய் நின்றுவிட்டுத் திரும்புவேன். கடைசியில் அவளே வந்து, என்ன பாப்பா, தினமும் வேலியை எண்ணிட்டுப் போறியா என்று கேட்டாள். வாளியைப் பற்றிச் சொன்னேன். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து வாசல் மிதியடியில் கருவியை வைத்தாள். எண் ஏறிக்கொண்டே போனது. வேலிக்கு உள்ளே இருக்க வேண்டியது உங்க வீட்டு வாசல்ல இருக்கு, வீட்டுல கைக்குழந்தை உண்டா, தவழ்ற பிள்ளை தரையைத் தொட்ட கையை வாயிலதானே வைக்கும், பெரியவங்களைவிட அதுகளைத்தான் ஈயம் கெடுக்கும் என்றாள். அப்பா சிரித்தார், மண்ணை அள்ளத்தானே செய்றேன், தின்னவா செய்றேன் என்றார். அம்மா சிரிக்கவில்லை. நீ அனுப்பிய படத்தில் பாப்பா தவழ்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிதியடியை அந்த அக்காவே பையில் கட்டி எடுத்துப் போய்விட்டாள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறாள், துடைக்கிறோம். மறுபடி வந்து கருவி வைத்துப் பார்த்து அவள் சரி என்று சொல்கிற வரை, நீ பாப்பாவோடு இங்கே வர எடுத்த டிக்கெட்டைத் தள்ளிப் போடு என்று எழுதச் சொல்கிறாள் அம்மா. தெருவில் ஒரு வீடு விடாமல் நீ வருகிறாய் என்று சொல்லி வைத்தவள், இதைச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீ உடனே போன் செய்து அம்மாவிடம் நாலு வார்த்தை பேசு.

பாப்பா நோய்நொடி இல்லாமல் வளரட்டும், நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, பாப்பாவைக் கட்டில் ஓரத்தில் தனியாக விடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா (எழுதியது தங்கை)

பி.கு: இதை மடிக்கும்போது அப்பா வாசலுக்கு வந்தார். கையில் சாப்பாட்டுப் பை உப்பலாக இருந்தது. அம்மா வழக்கம்போல வாளியை எடுக்க எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டு, சட்டையை வேலை இடத்துலயே போட்டுட்டு வாங்கப்பா என்று ஜன்னல் வழியாகத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.