சம்பந்தியின் கறுப்புக் கோட்டு

அன்பு மகன் லவ்ஜோத்துக்கு, ஜக்ராவோனிலிருந்து அப்பா எழுதுவது. வாஹேகுரு அருளால் நானும் அம்மாவும் சௌக்கியம், எருமையும் சௌக்கியம், அந்த இத்தாலிப் பால்பண்ணைக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் தங்கை சிம்ரத்தின் கல்யாணம் ஜோராக முடிந்தது, அங்கே தங்குவதற்கான பேப்பர் கைக்கு வராமல் நீ மாட்டிக்கொண்டது ஒன்றுதான் குறை. போட்டோ பார்த்திருப்பாய், ஆனால் என் தாடி பட்ட பாடு போட்டோவில் தெரியாது.

நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி தர்லோக் சிங்கைக் கட்டிப்பிடித்து விலகினேன், அவருடைய கறுப்புக் கோட்டில் என் நரைமுடி ஏழெட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. "பொண்ணுக்கு முன்னாலயே சீதனம் வந்துடுச்சு" என்று அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், சிம்ரத் காதிலும் விழுந்தது. என்னைச் சொன்னால் தாங்குவேன், அங்கே வாழப்போகிறவளை இதைச் சொல்லியே குத்துவார்களே என்று எனக்கு ரொட்டி இறங்கவில்லை. மூன்று மாதத்தில் மிலனி வேறு, கல்யாண வாசலில் ஊர் பார்க்க இரண்டு அப்பாக்களும் மாலை போட்டுத் தழுவித் தூக்க வேண்டும். லுதியானாவில் தோல் டாக்டரிடம் போனேன், என் தாடையைப் பார்த்ததுமே தாடியை ஈரத்தோடு கட்டுகிறீர்களா என்று கேட்டார். முப்பது வருஷம் விடிகாலை பஸ் ஓட்டியவன் எப்போது காயவைப்பது, குளிக்கிற சோப்பையே தாடியிலும் தேய்த்து, ஈரம் சொட்டச் சொட்டவே தாடி படியப் பசை தடவி, துணிப்பட்டியால் இறுக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். வேர் புழுங்கிப்போனதாம். அன்றிலிருந்து தாடி உன் அம்மா வசம். வாரம் இரண்டு நாள் காரமில்லாத ஷாம்பு, விரல் நுனியால் தோல்வரைக்கும். அப்புறம் சிம்ரத்தின் கண்டிஷனரை எடுத்து வந்தாள், பெண்கள் சாமானை நான் போடுவதா என்று முறைத்தேன். "முடிக்கு ஆம்பள பொம்பள தெரியாது, பேசாம தாடையை நீட்டுங்க" என்றாள், நீட்டினேன். மூன்று நிமிஷம் ஊறவிட்டு அலசி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி, வெயிலில் முழுக்கக் காய்ந்த பிறகே இரண்டு சொட்டு எண்ணெய், நுனியிலிருந்து மரச்சீப்பு, பட்டியும் தளர்வாகத்தான்.

மிலனிக்குச் சம்பந்தி அதே கோட்டில் வந்தார். தொண்ணூற்றைந்து கிலோ மனுஷனைத் தழுவி ஒரு முழம் உயரே தூக்கினேன், மேளம் அதிர்ந்தது. இறக்கியதும் அந்தப் பெண்கள் அத்தனை பேரும் அவர் தோளைத்தான் பார்த்தார்கள். மாலையிலிருந்து உதிர்ந்த செவ்வந்தி இதழைத் தவிர ஒன்றுமில்லை. இத்தனை வயதில் எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. சம்பந்தி என் காதில் "என்ன போடுறீங்க, எனக்கும் கொட்டுதுங்க" என்றார், உங்கள் மருமகளைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். நேற்று சிம்ரத் போன் செய்தாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டு ஆண்கள் நாலு பேரும் குழாயடியில் வரிசையாக உட்கார்கிறார்களாம், சோப்பை அவள் ஒளித்துவைத்துவிட்டாளாம். "மாமனாரே நான் சொன்னாத்தான் எந்திரிக்கிறாருப்பா" என்கிறாள். போனை வைத்துவிட்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

உனக்குத் தாடி அரிக்கிறது என்றாயே, நீயும் ஈரத்தோடு கட்டிக்கொண்டு வேலைக்கு ஓடுகிறாய், எனக்குத் தெரியும். அரை மணி முன்னால் எழுந்திரு. குரு உன்னை உயரத்தில் வைக்கட்டும்.

உன் அப்பா,
குர்மேஜ் சிங்