உன் துப்பாக்கியின் கறுப்பு டேப்

ஆளிவிதை எண்ணெயின் வாசனை இன்னும் என் விரல்களில் இருக்கிறது. சற்றுமுன்தான் உன் துப்பாக்கியின் மரக்கட்டைக்குத் தேய்த்து முடித்தேன். நீ இருந்தவரை என்னைத் தொடவிடாத அதே துப்பாக்கி.

மூடிப்போன ஒரு பள்ளியின் தட்டுமுட்டுச் சாமான்களோடு இந்த மாதிரித் துப்பாக்கிகள் சாலைக் கடைத்தெருவுக்கு வந்தன. பட்டாளம் கழித்துவிட்டு, மாணவர்களின் அணிவகுப்புப் பயிற்சிக்குக் கொடுத்தவை. சுட முடியாதபடி குழலில் துளையிட்டவை. துப்பாக்கிகள் ஒரு மூலையில், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டுகள் தனியாக ஒரு மரப்பெட்டியில். கடைக்காரர் கைக்கு அகப்பட்ட போல்ட்டை எடுத்து மாட்டித் தந்தார். நீ ஒன்று வாங்கினாய், நான் ஒன்று. போலீஸ் ஸ்டேஷனில், இவை சுடாது என்ற காகிதத்தைக் காட்டிவிட்டு ஒரே ஆட்டோவில் வீடு திரும்பினோம்.

என் துப்பாக்கியின் உடலில் ஒரு எண்ணும் போல்ட்டில் வேறு எண்ணும் இருந்தன. பழைய துப்பாக்கி சேகரிக்கும் நம்மைப் போன்ற பைத்தியங்களுக்கு அதுதான் எல்லாம். எண்கள் ஒத்திருந்தால் அது முழுத் துப்பாக்கி. இல்லையென்றால் மதிப்பு பாதி.

"எனக்கு எல்லாம் ஒத்துப்போச்சு கேட்டியா," என்றாய். "உன் துப்பாக்கி அடுத்த வீட்டுக்காரன் பல்செட்டைப் போட்டுக்கிட்டு நிக்கு, பாரு!"

நானும் சிரித்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

சேகரிப்பாளர்கள் கூடும் இடங்களில் எல்லோரும் உன்னைத்தான் சூழ்ந்துகொள்வார்கள். நான் என்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். உன் போல்ட்டின் பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். ஒருமுறை கைநீட்டினேன். "ஏட்டி, தொடாத! வேர்வை பட்டா துரு ஏறும்," என்று தட்டிவிட்டாய். உனக்கு முழுமையும் கிடைத்தது, அதைக் காக்கும் அக்கறையும் வாய்த்தது என்று பொருமினேன்.

ஒரே ஒருநாள், என் துப்பாக்கியின் கட்டையில் ஓடும் ரேகைகளை நீ வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாய். "இந்த மரம் எனக்கு வாய்க்கல்லியே," என்றாய். உடனே சிரித்துப் பேச்சை மாற்றினாய். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்ததும் உன் தம்பி உன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "கொச்சியில ஒருத்தர் கேக்காரு அக்கா. என்ன விலை பெறும்னு பாத்துச் சொல்லுங்க."

டேப்பை உரித்தேன். அடியில் இருந்தது உன் துப்பாக்கியின் எண் அல்ல, என்னுடையது. நீ கிண்டலாக அடிக்கடி ஒப்பித்துக் காட்டுவாயே, அதே எண்.

"இதையா அவ மறைச்சா?" என்றான் தம்பி. "டேப் நைஞ்சா உடனே புதுசு சுத்துவாளே அக்கா! எங்க அம்மாவைக்கூட அண்டவிட மாட்டா." துப்பாக்கியை என் பக்கம் நகர்த்தி, "எப்படியும் எங்களுக்கு ஒத்துவராத போல்ட்டுதானே. நீங்க எடுத்துக்கிடுங்க, உங்க கையில உள்ளதை இதுல மாட்டிருங்க," என்றான்.

நீயும் அப்படிச் செய்திருக்கலாம். உனக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் அந்த அழகான மரத்தோடு எண்ணும் சேர்ந்துவிட்டால், எல்லோரும் என் பக்கம் திரும்பியிருப்பார்கள்.

எண் ஒத்துவராது என்று சொன்னதும் கொச்சிக்காரர் பின்வாங்கினார். எனக்கே கொடு என்று உன் தம்பியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது இரண்டும் என் சுவரில் இருக்கின்றன. இருமுறை அந்த போல்ட்டைக் கழற்றி என்னுடையதில் பொருத்திப் பார்த்தேன். சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. இருமுறையும் உருவி, உரித்த டேப்பையே மறுபடி சுற்றி, திரும்ப உன்னுடையதிலேயே வைத்துவிட்டேன். என் துப்பாக்கியில் இருந்தால் அது வெறும் போல்ட். உன்னுடையதில் இருக்கும்வரை, எல்லோரும் சூழ்ந்துநின்ற நீ என்னைப் பார்த்து உள்ளுக்குள் வெந்திருக்கிறாய் என்பதற்கு அது சாட்சி. இத்தனை நாள் நான் ஏங்கியது முழுத் துப்பாக்கிக்காகத்தானா என்று இப்போது தெரியவில்லை.

இன்று எண்ணெய் பட்டுப் பழைய டேப் நழுவிவிட்டது. கடைக்குப் போய்ப் புதியது வாங்கிவந்து, எண் யார் கண்ணிலும் படாதபடி நானே இறுக்கிச் சுற்றினேன்.