குடம் அளவு வெடி

ஐப்பசி 4, திங்கள். தூறல்.
எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். மழை வரும் என்றேன், வந்தது. நான் வேலை பார்த்த பழைய கப்பலை உடைப்பார்கள் என்றேன், உடைத்துவிட்டார்கள். அதன் கேப்டன் என்னைத் தேடி வருவார் என்றேன், இன்று போன்.
"முனுசாமி, பொண்ணு கல்யாணம். முகூர்த்தப் புடவை எடுக்க வரேன். நல்ல கடையா காட்டு."
சின்னக் கப்பல். கடலில் கண்ணிவெடி வாருவது வேலை. இரும்பைக் கண்டால் வெடித்துவிடும் என்று உடம்பெல்லாம் மரம். என்னைக் கேட்காமல் அது துறைமுகத்தைவிட்டு நகர்ந்ததில்லை.
வாங்க வேண்டியது: பால், கொசுவத்தி, பிரஷர் மாத்திரை.

செவ்வாய். மூட்டம்.
எதிர்வீட்டு சரோஜா அக்காவுக்குக் கேப்டன் வருவது தெரிந்துவிட்டது. தெருவெல்லாம் சொன்னது நான்தான். அவள் தம்பி ஏழுமலை என்னோடு அதே கப்பலில். அங்கேயே உயிர் விட்டான். மிதந்து வந்த வெடியைக் கழியால் தள்ளிவிட்டு, கப்பலைக் காப்பாற்றிச் செத்தான் என்று நான் வந்து சொன்ன பிறகுதான் அழுகையை நிறுத்தித் தறியில் உட்கார்ந்தாள்.
"கேப்டன் வர்றாராமே. தம்பியப் பத்தி ஒரு வார்த்த கேக்கணும்பா."
"அவருக்கு நேரம் இருக்காதுக்கா."
"பொடவ எடுக்க நேரம் இருக்குது, இதுக்கு இருக்காதா?"


வியாழன். வெயில்.
கேப்டனும் மனைவியும். வேண்டுமென்றே வேறு தெரு வழியாகக் கடைக்கு. அரக்கு, பெரிய பார்டர். விலை குறைந்தது என் பேச்சால். கிளம்பும்போது அவராகவே, "ஏழுமலை வீடு எது?"
அக்கா தறியைவிட்டு எழுந்தாள். "அந்த வெடி எம்மாம் பெருசு சார்?"
என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஏழுமலை படத்தை.
"பெருசும்மா. இந்தத் தறி அளவு இருக்கும்."
அக்கா கும்பிட்டாள். காரில் ஏறும்போது அவர் எனக்குக் கை கொடுக்கவில்லை.

வெள்ளி. நல்ல மழை.
அக்கா வாசலில். "இன்னாபா, நீ கொடம் அளவுன்ன. அவரு தறி அளவுங்கறாரு. தறி அளவு வெடிய ஒருத்தன் கழியால தள்ள முடியுமா? எது நெசம்?"
எதற்கும் பதில் வைத்திருப்பவன் நான். 'ரெண்டு வெடி வந்துச்சிக்கா' என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.
"யோசிச்சிட்டு வா. நான் நெய்துக்கினுதான் இருப்பேன்."
நாள் முழுக்க அவள் வீட்டில் தறிச் சத்தம் இல்லை.

சனி. மழை விடவில்லை.
போகவில்லை.
வெடியே இல்லை. வெறும் பயிற்சி. பின்னால் இழுத்துப் போன கம்பிவடம் அறுந்து, திரும்பி வந்து ஏழுமலையை அடித்தது. உடைக்கப் போகும்வரை அந்தக் கப்பல் நிஜ வெடி ஒன்றைக்கூட வாரியதில்லை. குடம் அளவு என்றேனே, நான் சேதி சொல்லப் போனபோது அக்கா இடுப்பில் தண்ணீர்க் குடம் இருந்தது.