சாயம் ஊற்றவிட்ட வீடு

ஏப்ரல் 8

கோயில் கிணற்றை இன்று பூட்டிவிட்டேன். ஆய்வு முடிவு வந்துவிட்டது. மேட்டில் யார் வீட்டு செப்டிக் டேங்கோ கசிந்து கிணற்றில் கலக்கிறது. எங்கள் வார்டு டாலிகஞ்சில் பிள்ளைகள் வரிசையாக மஞ்சள் காமாலையில் படுத்தது இதனால்தான். இந்தத் தீவில் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை, இந்த வெயிலில் வார்டே கிணற்றை நம்பித்தான் இருக்கிறது. தெரியும். தெரிந்துதான் பூட்டினேன்.

திருவிழாக் கமிட்டித் தலைவர் கிளமெண்ட் அண்ணன் வாசலில் நின்று கத்தினார். "சுற்றுச்சூழல் படிச்ச புள்ள, நம்ம புள்ளன்னு உன்னக் கவுன்சிலர் ஆக்கினோம். கிணத்தப் பூட்டவா ஓட்டு போட்டோம்? மே ஒண்ணு சூசையப்பர் திருவிழா. அசனத்துக்கு உலை எதுல வைக்க?"

டேங்கர் வரும் என்றேன்.

"அரே, டேங்கர் பானியில அசனமா?"

ஊரே ஒரே பந்தியில் உட்காரும் சாப்பாடு. கோயில் தண்ணீரில்தான் பொங்குவார்கள். எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. கும்பிட்ட கையோடு நின்றேன். அழுகை வந்தது. ச்சே.

ஏப்ரல் 15

எந்த வீடு என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையிலும் பச்சைச் சாயத்தை ஊற்றிக் காத்திருக்க வேண்டும். கிணறு எப்போது பச்சையாகிறதோ அந்த வீடு.

மேட்டு வீடுகள் எல்லாம் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தின. சிசிலியா அக்கா மட்டும், "வா புள்ள, என் வீட்ல முதல்ல ஊத்து. என் வீட்ல ஒண்ணுமில்லன்னு ஆயிட்டா, அப்புறம் எவ வாயத் தொறப்பா?" என்றாள். வீட்டுக்காரர் ஹேடோ துறைமுகத்தில் கப்பல் வேலை, பாதி நாள் அவளும் தனிதான். சாயத்தை ஊற்றி முடித்ததும் என்னைப் போகவிடவில்லை. சூரை மீனை அள்ளி அள்ளி வைத்தாள். இன்னொருவர் சமைத்த சோற்றைச் சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று!

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கிணறு பச்சை. ஆண்டவரே, அவள் வீடா?

ஏப்ரல் 19

சாவி என்னிடம். என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் விட்டால்? — விட்டால் இன்னொரு பிள்ளை படுக்கும்.

முதலில் அவளிடமே சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாவே எனக்குத் தெரியாது புள்ள. டேங்க்க ஒடச்சுச் சரி பண்ணு. பேர மட்டும் சொல்லிராத."

சத்தியம் செய்தேன்.

ஏப்ரல் 22

கோயில் வாசலில் நோட்டீஸ் ஒட்டினேன். 'ஒரு வீட்டுத் தொட்டியில் கசிவு கண்டறியப்பட்டது. நகராட்சி சரிசெய்யும்.' பேர் இல்லை. ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு எனக்கு.

சாயங்காலம் கிளமெண்ட் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். "ஒரு வீடாம்ல! ஊத்த விட்டதே ஒரே வீடுதான?"

அட மடச்சி! மற்ற வீடுகளிலும் சண்டை போட்டாவது ஊற்றிவிட்டு அல்லவா ஒட்டியிருக்க வேண்டும்? இத்தனை படித்து என்னத்தைக் கிழித்தேன்.

ஏப்ரல் 27

தொட்டி வேலை முடிந்தது. பூசையில் எல்லோரும் தேடி வந்து எனக்குச் சமாதானம் சொன்னார்கள். அக்கா வரவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை.

மே 1

கிணறு சுத்தமாக இன்னும் நாளாகும்; அசனம் டேங்கர் தண்ணீரில்தான். கிளமெண்ட் அண்ணன் மைக்கில், "நம்ம டயானா நம்ம பிள்ளைகளக் காப்பாத்துனா" என்றார். முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

சிசிலியா அக்கா எங்கே என்று கேட்டேன். "அவ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவா?" என்றாள் ஒருத்தி. பந்தி முழுக்கச் சிரிப்பு.

எழுந்துவிட்டேன். தூக்குவாளியில் சோறும் குழம்பும் வாங்கிக்கொண்டு போய் அவள் கதவைத் தட்டினேன்.

"பந்தி முடிஞ்சிருச்சா?" உள்ளிருந்தே கேட்டாள்.

"நான் இன்னும் சாப்பிடலக்கா. தொற, சேர்ந்து சாப்பிடுவோம்."

"போ புள்ள. உனக்கு அங்க எடம் போட்டிருப்பாங்க."

கதவு திறக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் பங்கை மூடி வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.