இரண்டாம் படியில் கண்டவர்

அக்கா,

இன்று காலை பிக்கரிங்கில் ரெயில் ஏறியபோது இருக்கையில் யாரோ விட்டுப்போன பத்திரிகை ஒன்று கிடந்தது. ஓரமாக வைக்கலாம் என்று எடுத்தவள், அதிலிருந்த படத்தைக் கண்டு அப்படியே இருந்துவிட்டேன். எவரெஸ்ட் மலையின் வடக்குச் சரிவில், கற்களின் மேல் குப்புறக் கிடக்கும் ஒரு மனிதரின் முதுகு. உடுப்பெல்லாம் காற்றில் கிழிந்துபோயிருக்கிறது. தோல் மட்டும் வெள்ளை வெளேரென்று பழுதாகாமல் இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நான்கில் உச்சிக்கென்று புறப்பட்டுத் திரும்பி வராத இருவரில் ஒருவர். எழுபத்தைந்து வருடம் கழித்துக் கண்டெடுத்திருக்கிறார்கள்.

"ஆளைக் கண்டெடுத்திட்டினம் அக்கா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எதிரே இருந்தவர் ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். இதைச் சொல்ல எனக்கு உங்களை விட்டால் ஒருவரும் இல்லை. நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது.

மோர்னிங்சைட்டில் அந்த உயரமான கட்டடத்தின் மூன்றாம் மாடியில் உங்கள் கதவும் என் கதவும் எதிரெதிரே இருந்தன. மரக்கறி வெட்டும் தொழிற்சாலையின் குளிரறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, கையில் நூலகப் புத்தகப் பையுடன் வருவீர்கள். எல்லாம் மலையேறியவர்களின் கதை, அதிலும் முக்கால்வாசி அந்த இருபத்து நான்காம் ஆண்டுப் பயணம். "உங்களுக்கென்ன உந்தப் பைத்தியம்?" என்று ஒருநாள் கேட்டேன். "என்னைவிடக் குளிரிலை நிண்ட ஆக்களைப் பற்றிப் படிச்சால் ஒரு ஆறுதல்தானே" என்றீர்கள். எவரெஸ்ட்டின் ஒவ்வொரு பாறையையும் பெயர் சொல்லி அறிந்த நீங்கள் மூன்று மாடி ஏறப் பஞ்சிப்பட்டு லிஃப்டுக்காகக் கால்மணி நேரம் காத்து நிற்பீர்கள். அதைச் சொல்லிச் சொல்லியே நான் உங்களைச் சீண்டியிருக்கிறேன்.

ஞாயிறு காலைகளில் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்ப்போம். ஒருநாள் காய்ந்த துவாய்களை மேசையில் மடிப்பதற்குப் பதிலாக வரிசையாகக் குவித்தீர்கள். "இது மலையின்ரை முதுகு. இது முதலாம் படி, செங்குத்துப் பாறை. இது இரண்டாம் படி. இதைக் கடந்தால் உச்சிக்கு வழி இருக்கு." பிறகு இரண்டு பட்டன்களை எடுத்து இரண்டாம் துவாய்க் குவியலில் வைத்தீர்கள். அவர்கள்தான் அந்த இருவர். கீழே தள்ளி ஒரு பட்டனைத் தனியாக வைத்தீர்கள்.

"உவர்தான் எனக்குப் பிடிச்ச ஆள்" என்றீர்கள்.

உச்சிக்குப் போகாமல் பின்னால் தனியே ஏறிக்கொண்டிருந்த சகா அவர். சில நிமிடம் மேகம் விலகியபோது, இரண்டு கறுப்புப் புள்ளிகள் மேலே அசைந்து போவதைக் கண்டார். மேகம் மூடிக்கொண்டது. அதன்பிறகு அவர்களை எவரும் காணவில்லை. அவர் விசிலடித்துப் பார்த்தார், கூப்பிட்டுப் பார்த்தார். இரண்டாவது தடவை ஏறிப்போய், காலியான கூடாரத்தைக் கண்டு, தூங்கும் பைகளைப் பனியில் விரித்து, ஆட்கள் இல்லை என்று கீழே நின்றவர்களுக்கு அடையாளம் காட்டினார். "மேலை போன ரெண்டு பேரைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகினம். பார்த்துக்கொண்டு நிண்ட மனுசனை ஆர் யோசிச்சது?"

அவரையும் யோசித்தார்கள், ஆனால் குறுக்கு விசாரணை செய்யத்தான். இரண்டாம் படியில் கண்டதாக அவர் முதலில் சொன்னார். அந்தச் செங்குத்துப் பாறையை அத்தனை கெதியில் யாரும் ஏற முடியாது, நீ கண்டது முதலாம் படியாகத்தான் இருக்கும் என்று விபரம் தெரிந்தவர்கள் நெருக்கினார்கள். இருக்கலாம் என்று அவரும் ஒத்துக்கொண்டார். கிழவனான பிறகு, இல்லை, நான் முதலில் சொன்னதுதான் சரி என்றார். அதற்குள் அவர் பேச்சை நம்புவதா வேண்டாமா என்பதே ஒரு விவாதமாகிவிட்டது.

"பாவம். பெரிய ஆக்கள் திருப்பித் திருப்பிக் கேட்டால் சொல்லத்தானே வேணும்" என்றபடி தனிப் பட்டனை விரலால் உருட்டினீர்கள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"நான் உமக்கு முதல்முதல் சொன்னது என்ன?"

"எதை அக்கா?"

"இவர் போனதை."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நாம் அறிமுகமானதே அப்படித்தான். வழக்கறிஞர் அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தேன். அகதி விசாரணைக்கு வருபவர்களின் கதையைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவதைத்தான் எங்கள் சனம் கேஸ் எழுதுவது என்று சொல்லும். உங்கள் கேஸை நான் எழுதினேன். ஊரில், வீதியில் இருந்த இராணுவச் சோதனைச் சாவடியில் உங்கள் கணவரை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிப்போனார்கள். நீங்கள் பெண்களின் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு அவரைக் காணவில்லை.

அவர் நடந்துபோனதைச் சொல்லும்போது நீங்கள் தடுமாறினீர்கள். அப்படியோ, இப்படியோ, தெரியாது என்றீர்கள். நான் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னேன்: "அக்கா, அங்கை ஒண்டுக்கு ரெண்டு சொன்னால் பொய் எண்டுவினம். சந்தேகமானதை விடுவம். ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ." நீங்கள் தலையாட்டினீர்கள். 'இரண்டு சிப்பாய்களுக்கு நடுவே நேராக நடந்துபோய் வளைவில் மறைந்தார்' என்று எழுதினேன். விசாரணைக்கு முன் நான் உங்களைப் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி அதைப் பத்துத் தடவை சொல்லவைத்தேன். உங்களை ஏற்றுக்கொண்டார்கள். அலுவலகத்தில் என்னைப் பாராட்டினார்கள்.

துவாய் மலைக்கு முன்னால் நின்று நீங்கள் சொன்னீர்கள்: "இப்ப கண்ணை மூடினால் நீர் எழுதினதுதான் தெரியுது. நேராப் போறார், மறையிறார். அவ்வளவுதான். முதல் சொன்னதிலை வேறை என்னவோ இருந்தது. எவ்வளவு யோசிச்சும் வருகுதில்லை. உமக்கு ஞாபகம் இருக்கே?"

எனக்கு ஞாபகம் இருந்தது.

"அதேதான் அக்கா. நீங்கள் சொன்னதைத்தானே நான் எழுதினனான்" என்றேன்.

உங்கள் குடியுரிமை இன்னும் வரவில்லை, எங்கேயாவது மாற்றிச் சொல்லிவிடுவீர்கள் என்ற பயத்தில் மறைத்ததாகக் கனகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சுத்தப் பொய். நான் எழுதிய கேஸில் ஒரு பிழை இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அவ்வளவு திமிர். நீங்கள் "ஓம், அப்பிடித்தான் இருக்கும்" என்றீர்கள். மலையைக் கலைத்துத் துவாய்களை மடித்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவேயில்லை.

சொல்லச் சந்தர்ப்பம் இல்லாமல் போகவில்லை. குடியுரிமை கிடைத்த அன்று நீங்கள் கேசரி கிண்டிக் கொண்டுவந்தீர்கள். நான் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். இங்கே வீடு வாங்கிப் புறப்பட்ட அன்று என் பெட்டிகளுக்கு நீங்கள் கயிறு கட்டினீர்கள். அன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நீங்கள் ஆளையே அடையாளம் தெரியாமல் கிடந்தீர்கள். அப்போது சொல்லி என்ன? உங்கள் செத்த வீட்டுக்குத் தொழிற்சாலையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். கட்டில் தலைமாட்டில் கிடந்த மலைப் புத்தகத்தை நான்தான் கொண்டுபோய் நூலகப் பெட்டிக்குள் போட்டேன்.

இந்தப் புது வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. என் கணவர் ஒஷாவாவுக்கு வேலைக்குப் போய்விட்டால், மூன்று அறைகளுக்கும் நான் ஒருத்திதான். பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்து, நீங்கள் வாசிப்பது போல் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தேன். இடுப்பில் கயிறு அறுந்திருந்ததாம், கால் முறிந்திருந்ததாம். உச்சியில் வைக்கவென்று கொண்டுபோன மனைவியின் படம் சட்டைப் பைகளில் இல்லையாம். அப்படியென்றால் உச்சியில் வைத்துவிட்டுத்தான் இறங்கினாரா என்று கேட்கிறார்கள். இனி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆராயப் போகிறார்களாம். கீழே நின்று கண்டவர் எந்தப் படியில் கண்டார் என்பதற்கு மட்டும் இதிலும் விடை இல்லை. நீங்கள் இருந்திருந்தால் பத்திரிகையை என் முகத்துக்கு நேரே ஆட்டியிருப்பீர்கள். அப்படி ஆட்ட யாருமில்லாத இந்த வீடு எனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது அக்கா.

ஆகவே, நீங்கள் முதல்முதல் சொன்னதை இப்போது எழுதுகிறேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"வளைவுக்குக் கிட்டப் போய் ஒருக்கால் நிண்டவர். திரும்பினவர் எண்டுதான் நினைக்கிறன். என்னைப் பார்த்தாரோ, பின்னாலை வந்த ட்ரக்கைப் பார்த்தாரோ சரியாத் தெரியேல்லை. கை கொஞ்சம் உயர்ந்தமாதிரி இருந்தது. அது பக்கத்திலை நிண்டவன்ரை கையோ தெரியாது. ஆனால் நிண்டவர். அது தெரியும்."

அன்று அலுவலகத்தில் இதை எழுதிவிட்டு, இதன் மேல்தான் நான் கோடு போட்டு அடித்தேன். நீங்கள் கேட்டபோது தந்திருந்தால், மிச்சமிருந்த வருடங்களில் கண்ணை மூடும் போதெல்லாம் அவர் உங்களுக்காக ஒருதரம் நின்றிருப்பார். அதை நான் உங்களிடமிருந்து எடுத்துவிட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் ஆளில்லை.

உங்கள் கணவரை நான் கண்டதில்லை. அவருடைய ஒரு படம்கூட உங்களிடம் இருக்கவில்லை. இன்று இந்த உலகத்தில் அவர் அந்த வளைவில் நின்றதை அறிந்தவள் நான் மட்டும்தான். கண்ணை மூடினால் முகம் தெரியாத ஒருவர் நின்று திரும்புகிறார். உங்களைப் பார்க்கிறாரா, ட்ரக்கைப் பார்க்கிறாரா என்று எனக்கும் தெரியவில்லை அக்கா. அதை நான் இனித் திருத்தமாட்டேன்.